முகப்பருவும் தழும்பும்: ஹயலூரோனிக் அமிலம் எதற்கு உதவும், எதற்கு உதவாது?



பாரூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வரும்போது பையில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. சொட்டுச் சொட்டாக விடும் மூடி, உள்ளே தண்ணீர் போல ஒரு திரவம். கேட்டால், "ஹயலூரோனிக் ஆசிட் சீரம், பருவுக்குப் போடுறது" என்கிறார்கள். அதைப் பார்க்கும் தாய்மார்கள் நம்மிடம் கேட்பவை இரண்டு. 'ஆசிட்' என்று போட்டிருக்கிறதே, முகம் வெந்து போகாதா? இது ஹலாலா? கொஞ்ச காலமாக மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. இதையே ஊசியாகப் போட்டால் பருத் தழும்பு மறைந்துவிடும் என்று பெங்களூரில் சொல்கிறார்களாம், நிக்காஹ்வுக்கு முன் பெண்ணுக்குப் போட்டுவிடலாமா என்கிறார்கள்.

மூன்றுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். நாம் மருத்துவர் அல்ல. மருத்துவத் துறை வெளிப்படையாகச் சொல்லியிருப்பதையும், மார்க்க அறிஞர்கள் சொல்லியிருப்பதையும் குடும்பங்களுக்குப் புரியும்படி ஓரிடத்தில் சேர்த்துத் தருவதே நோக்கம்.

பெயரில் ஆசிட், குணத்தில் வழவழப்பு

இது கழிவறையில் ஊற்றும் ஆசிட் அல்ல, பருவை உரித்தெடுக்கும் சாலிசிலிக் அமிலமும் அல்ல. நம் உடலே தயாரிக்கும் பொருள். எழுபது கிலோ எடை உள்ள மனிதரின் உடலில் சுமார் 15 கிராம் இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி தோலில். மூட்டுகளுக்கு இடையில் எண்ணெய் போல இருந்து உராய்வைத் தடுப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. கண்ணின் உட்புறக் கூழிலும் இருக்கிறது. அங்கிருந்துதான் இது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. 1934-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பாமர் என்ற இருவர் மாட்டின் கண்ணிலிருந்து இதை எடுத்தார்கள். கண்ணாடியைக் குறிக்கும் 'ஹயலோஸ்' என்ற கிரேக்கச் சொல்லும், அதில் உள்ள யூரோனிக் அமிலத்தின் பெயரும் சேர்ந்து இந்தப் பெயர் வந்தது.

நீரை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்வது இதன் முக்கிய வேலை. தன் எடையைப் போல் ஆயிரம் மடங்கு நீரைப் பிடிக்கும் என்று விளம்பரங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நிறைய நீரைப் பிடிக்கும் என்பது மட்டும் உண்மை. குப்பியின் பின்புறம் பொடி எழுத்தில் 'சோடியம் ஹயலூரோனேட்' என்று இருந்தால் அதுவும் இதன் உப்பு வடிவம்தான்.

பெரியவர்களுக்கு இந்தப் பொருள் புதிதல்ல, பெயர்தான் புதிது. முழங்கால் தேய்மானத்திற்கு மூட்டுக்குள் போடும் 'ஜெல் ஊசி' இதே பொருள். கண்புரை அறுவை சிகிச்சையின்போது கண்ணுக்குள் இடம் தாங்கிப் பிடிக்க வைக்கும் கூழிலும் 1980 முதல் இது பயன்படுகிறது. பேத்தியின் சீரத்தைச் சந்தேகமாகப் பார்க்கும் நன்னிமாவின் கண்ணுக்குள்ளேயே அது ஒருமுறை போய் வந்திருக்கலாம்.

பருவைக் குணப்படுத்துமா?

குணப்படுத்தாது. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பணம் மிச்சமாகும்.

பரு எப்படி வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். பருவ வயதில் ஹார்மோன் மாறும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. மயிர்க்காலின் வாயில் செத்த தோல் செல்கள் அடைத்துக்கொள்கின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில் 'கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ்' என்ற கிருமி பெருகுகிறது, அந்த இடம் சிவந்து வீங்கிச் சீழ் கட்டுகிறது. ஆக அடைப்பைத் திறக்க வேண்டும், கிருமியைக் குறைக்க வேண்டும், வீக்கத்தை அடக்க வேண்டும், சில சமயம் எண்ணெய்ச் சுரப்பையே குறைக்க வேண்டும். ஹயலூரோனிக் அமிலம் எண்ணெய்ச் சுரப்பைக் குறைக்கக்கூடும் என்று கொரியாவிலிருந்து 2017-ல் ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. அதை வைத்து மருந்து என்று சொல்ல முடியாது. அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகம் 2024-ல் வெளியிட்ட முகப்பரு வழிகாட்டியில் உறுதியாகப் பரிந்துரைக்கப்படுபவை பென்சாயில் பெராக்சைட், அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு களிம்புகள், தடவும் ஆன்டிபயாடிக், டாக்ஸிசைக்ளின் மாத்திரை, கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின். ஹயலூரோனிக் அமிலம் அந்த வரிசையில் இல்லை.

அப்படியானால் வீணா? அதுவும் இல்லை. பென்சாயில் பெராக்சைடும் அடாபலீனும் ஆரம்ப வாரங்களில் தோலைக் காய வைக்கும், எரியும், செதில் செதிலாக உரியும். நம் பிள்ளைகளில் பலர் இரண்டாவது வாரத்திலேயே "இது எனக்கு ஒத்துக்கலை" என்று ட்யூபைத் தூக்கிப் போடுவது இதனால்தான். மருந்து வேலை செய்ய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க, எண்ணெய் இல்லாத ஈரப்பதம் தோலுக்கு வேண்டும். அந்த இடத்தில் இந்தச் சீரம் உதவுகிறது. மயிர்க்காலை அடைக்காது, பிசுபிசுப்பும் குறைவு. முகம் கழுவி ஈரம் முழுவதும் காய்வதற்குள் இரண்டு மூன்று சொட்டு தடவி, அதன் மேல் ஒரு லேசான மாய்ஸ்சரைசர் போட வேண்டும். சும்மா காய்ந்த முகத்தில் தடவி, மேலே எதுவும் போடாமல் விட்டால் சிலருக்கு முகம் இன்னும் இழுத்துப் பிடிப்பது போல இருக்கும். ஏசி அறையில் எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள்.

தோலுக்குள் ஆழமாகப் போய்த் தழும்பை நிரப்பும் என்று குப்பியில் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். சுமார் 500 டால்டனுக்கு மேல் பெரிய மூலக்கூறுகள் ஆரோக்கியமான தோலை எளிதில் கடப்பதில்லை. இயற்கையான ஹயலூரோனிக் அமிலம் லட்சக்கணக்கான டால்டன். சிறிதாக நறுக்கிய வகைகள் கொஞ்சம் உள்ளே போகலாம், ஆனாலும் தடவி எந்தப் பள்ளத்தையும் நிரப்ப முடியாது.

நம் வட்டாரத்துக்கே உரிய சில காரணங்கள்

ஓசூரில் லேத், மில்லிங் மெஷின் வேலை பார்க்கும் பையன்களுக்கு முகத்தோடு முன்கை, தொடையிலும் கறுப்புப் புள்ளிகளும் கட்டிகளும் வருவதுண்டு. இரும்பை வெட்டும்போது தெறிக்கும் கட்டிங் ஆயில் மயிர்க்கால்களை அடைப்பதால் வருவது அது. 'ஆயில் ஆக்னி' என்றே மருத்துவத்தில் பெயர். எண்ணெய் ஊறிய பேன்ட்டையே மறுநாளும் போட்டுக்கொண்டு, முகத்துக்கு மட்டும் விலை உயர்ந்த சீரம் வாங்கிப் பயனில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் குளியல், தினமும் துவைத்த உடுப்பு, கையில் எண்ணெய்த் துணியால் முகம் துடைக்காமை, இவைதான் அங்கே மருந்து.

வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு நெற்றியில் மட்டும் பொடிப் பொடியாகப் பரு வந்தால் தலைக்கு வைக்கும் எண்ணெயைச் சந்தேகிக்கலாம். எண்ணெய் வைத்து, அதன் மேல் இறுக்கமாக ஸ்கார்ஃப் கட்டினால் நெற்றிக்கு வழியும். எண்ணெயை இரவில் வைத்துக் காலையில் அலசிவிடலாம். ஹிஜாபின் உட்துணியை நாள்தோறும் மாற்றினால் போதும். ஹிஜாபால் பரு வருகிறது என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள் என்று கலங்க வேண்டியதில்லை.

முல்தானி மிட்டி, எலுமிச்சைச் சாறு, பற்பசை ஆகியவற்றைப் பருவின் மேல் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். முல்தானி மிட்டி எண்ணெயை உறிஞ்சும், அதோடு சரி. எலுமிச்சையும் பற்பசையும் தோலைப் புண்ணாக்கிக் கறுப்புத் தழும்பை விட்டுச் செல்லும். உருது பேசும் வீடுகளில் 'முஹாஸே' என்று சொல்லி, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்வார்கள். கல்யாணத்துக்கும் பருவுக்கும் தொடர்பில்லை. பெண்களுக்கு முப்பது வயதுக்கு மேலும் பரு வரலாம். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்தில் முடி வளர்ச்சியோடு பருவும் சேர்ந்து வந்தால் பெண் மருத்துவரிடம் காட்டிச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உண்டா என்று பார்க்க வேண்டும்.

சீரத்தை விட நாம் பயப்பட வேண்டியது

நம் கவலை உண்மையில் அந்தக் கண்ணாடிக் குப்பியைப் பற்றியது அல்ல. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் ட்யூப்களைப் பற்றியது. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று முடியும் பெயர்கள் ஸ்டீராய்டு. தடவிய மூன்றாம் நாள் பரு அடங்கும், முகம் வெளுக்கும். சொந்தக்காரர்களெல்லாம் என்ன போடுகிறாய் என்று கேட்பார்கள். சில மாதங்களில் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, முன்பை விட மோசமான பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும், அதனால் நிறுத்தவும் முடியாது.

இந்தியாவின் 12 மருத்துவ மையங்களில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே அல்ல. அவர்களிடம் மிக அதிகமாகக் காணப்பட்ட பக்க விளைவு எது தெரியுமா? பரு. 2018-ல் மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு களிம்புகளில் பலவற்றை மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்கும் பட்டியலில் கொண்டுவந்தது. சட்டம் வந்தாலும், கேட்டால் கிடைக்கிறது என்பதை வாங்குகிறவர்கள் அறிவார்கள்.

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டு வரும், முழு விவரம் இல்லாத 'வைட்டனிங்' டப்பாக்கள். கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேரிடம் அரிதான ஒரே வகைக் குறி தெரிந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். காரணம் பாதரசம். நம்மைப் போன்ற குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. வளைகுடாவும் கல்யாண வீடும் அங்கேயும் இப்படித்தான். தயாரித்த கம்பெனி, உட்பொருட்கள், உரிம எண் இல்லாத டப்பா எவ்வளவு அன்போடு தரப்பட்டாலும் முகத்துக்குப் போக வேண்டாம்.

தழும்புக்கு ஊசி

பரு போன இடத்தில் கறுப்பாக இருப்பதெல்லாம் தழும்பு அல்ல. விரலால் தடவிப் பாருங்கள். மேடு பள்ளம் இல்லாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் அது கறை. நம் மாநிறத் தோலில் அது அதிகமாக விழும், மாதக்கணக்கில் நிற்கும், ஆனால் மங்கிவிடும். வெயில் படாமல் சன்ஸ்கிரீன் போடுவதும், பருவைக் கிள்ளாமல் இருப்பதும் அதற்கு வழி. இதற்கு யாராவது ஊசி போடச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

பள்ளம் விழுந்தது மட்டுமே தழும்பு. ஊசியால் குத்தியது போல ஆழமாக, குறுகலாக இருப்பது ஒரு வகை. சின்னம்மை வடு போல விளிம்பு தெளிந்த பள்ளம் இன்னொன்று. அலை அலையாக மேலும் கீழுமாக இருப்பது மூன்றாவது. ஹயலூரோனிக் அமில ஊசி, அதாவது ஃபில்லர், இந்த மூன்றாவது வகைக்கே நன்றாக உதவும். அந்தப் பள்ளங்களில் தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிட்டு, அங்கே இந்தக் கூழை நிரப்பினால் பள்ளம் மேலெழும். ஊசி குத்தியது போன்ற தழும்புக்கு ஃபில்லர் பயன்படாது. அதற்குச் செறிவான அமிலத்தைப் புள்ளி வைத்துத் தொடும் முறை உண்டு. மற்றவற்றுக்கு மைக்ரோ நீட்லிங், லேசர் என்று இருக்கின்றன. கன்னத்தில் புடைத்து வளரும் கெலாய்டு உள்ளவர்கள் எதைச் செய்வதற்கு முன்பும் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஃபில்லர் நிரந்தரம் அல்ல. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் அதைக் கரைத்துவிடும், திரும்பப் போட வேண்டும். வலீமாவுக்கு மறைந்த பள்ளம் முதல் குழந்தையின் அகீகாவில் திரும்பத் தெரியலாம். கடன் வாங்கிப் போட நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். முகத்தில் பரு இன்னும் வந்துகொண்டிருக்கும்போது போடுவதிலும் பயனில்லை, புதிய பரு புதிய பள்ளத்தைப் போடும்.

அபாயமும் சொல்ல வேண்டும். கூழ் தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் அந்த இடத்துத் தோல் அழுகலாம். மூக்கு, புருவங்களுக்கு இடைப்பட்ட பகுதிகளில் தவறினால் கண் பார்வையே போன நிகழ்வுகள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. ஹயலூரோனிடேஸ் என்ற கரைக்கும் மருந்தை உடனே செலுத்தினால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அந்த மருந்து கையில் இருக்கிறதா என்று முன்னதாகக் கேட்பது அவமரியாதை அல்ல. பியூட்டி பார்லரில் இதைப் போடவே கூடாது. ஊசி இல்லாமல் காற்றழுத்தத்தால் செலுத்தும் 'ஹயலூரான் பென்' என்று ஒன்று வலைத்தளங்களில் விற்கப்படுகிறது. அமெரிக்காவின் எஃப்டிஏ 2021 அக்டோபரிலேயே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. தோல் மருத்துவத்தில் எம்டி அல்லது டிவிஎல் படித்தவரா என்று பலகையைப் பார்த்து உள்ளே போங்கள்.

ஹலாலா?

முன்பு இது சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்பட்டது. முகத்துக்கான ஃபில்லர்களில்கூட 'ஹைலாஃபார்ம்' அப்படி வந்ததுதான். 'ரெஸ்டிலேன்' 2003 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அது விலங்குப் பொருள் இல்லாமல், பாக்டீரியாவை வளர்த்து நொதிக்க வைத்து எடுக்கப்பட்டது. இன்று சந்தையில் இருக்கும் சீரங்களும் முக ஃபில்லர்களும் பெரும்பாலும் இந்த நொதித்தல் முறையில் வருபவை. இவற்றில் தடையில்லை. முழங்காலுக்குப் போடும் ஊசிகளில் சில இன்னும் சேவல் கொண்டையிலிருந்து வருகின்றன. முறைப்படி அறுக்கப்பட்ட சேவலா என்ற கேள்வி அங்கே எழும். நொதித்தல் வகையும் கிடைப்பதால் மருத்துவரிடம் அதைக் கேட்டு வாங்குவதே எளிது. கோழி, முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் மார்க்கக் காரணம் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டும்.

பருத் தழும்புக்கென்றே 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'பெல்லாஃபில்' வேறு பொருள். அதில் மாட்டுக் கொலாஜன் இருக்கிறது. கொலாஜன் என்ற சொல் வந்தாலே எந்த விலங்கு, எப்படி அறுக்கப்பட்டது என்று கேளுங்கள். பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன் ஃபில்லரும் சில காலம் சந்தையில் இருந்திருக்கிறது. விலங்குப் பொருள் முழுவதுமாக வேறொன்றாக மாறிவிட்டால் சட்டமும் மாறுமா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு. மாற்று தாராளமாகக் கிடைக்கும்போது அந்த விவாதத்துக்குள் போகும் தேவை குறைவு.

அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்பது அடுத்த கேள்வி. அழகுக்காகவே பல்லை அராவி இடைவெளி விடுவதும் பச்சை குத்துவதும் ஹதீஸில் கண்டிக்கப்பட்டிருக்கிறது. அதே சமயம், போரில் மூக்கறுபட்ட அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு வைத்து அது நாற்றமடித்தபோது, ஆண்களுக்குத் தடை செய்யப்பட்ட தங்கத்தாலேயே மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். குறையை நீக்குவது வேறு, இருப்பதை மெருகேற்றுவது வேறு என்று அறிஞர்கள் பிரித்தது இந்த அடிப்படையில்தான். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடி எடுத்த தீர்மானமும் இதையே சொல்கிறது: நோய், விபத்து, தீக்காயத்தால் வந்த குறையைச் சரிசெய்யலாம், வயதின் சுருக்கத்தை மறைக்க ஊசி போடுவது, அது நோயின் விளைவாக இல்லாத வரை, கூடாது. பரு ஒரு நோய், பள்ளம் அதன் வடு. எனவே தழும்புக்குப் போடுவது சிகிச்சையில் சேரும். அதே குப்பியிலிருந்து உதட்டைப் பெரிதாக்கப் போட்டால் அது சேராது. பெண் பார்க்க வருபவர்கள் ஏதோ சொல்லிவிடுவார்கள் என்று அபாயமான இடத்தில் அவசரமாக ஊசி போட வைப்பது நம் பார்வையில் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

ஒளூவைப் பற்றியும் கேட்கிறார்கள். சீரம் தோலில் உறைந்து படலமாக நிற்பதில்லை, தண்ணீர் தோலை அடையத் தடையாகாது. தண்ணீர் ஒட்டாத கனமான சன்ஸ்கிரீன் என்றால் கழுவிவிட்டு ஒளூ செய்வது பேணுதல். முகத்தில் களிம்பு தடவுவதால் நோன்பு முறியாது. ஃபில்லர் ஊசி உணவோ ஊட்டமோ அல்ல என்பதால் அதனாலும் முறியாது என்பதே பெரும்பாலோர் கருத்து, இருந்தாலும் அவசரமில்லாததை ரமழானுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக மணமானவர்களுக்கும், நிக்காஹ் நிச்சயமானவர்களுக்கும் ஒரு கடுமையான எச்சரிக்கை. ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கடும் பருவுக்கு நல்ல மருந்துதான். ஆனால் சாப்பிடும் காலத்தில் கரு தரித்தால் குழந்தைக்குத் தலை, முகம், இதயம், மூளையில் பெரும் குறைகள் ஏற்படும். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்தி ஒரு மாதம் முடியும் வரை கர்ப்பம் கூடாது. அடாபலீன் களிம்பும் டாக்ஸிசைக்ளினும்கூடக் கர்ப்ப காலத்தில் தவிர்க்கப்படுபவை. கூச்சப்பட்டுக் கல்யாணத் தேதியை மருத்துவரிடம் மறைக்கிறார்கள் பிள்ளைகள். தாய் கூடப் போய் அதைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு எழுதிய மாத்திரையைத் தங்கைக்குக் கொடுக்கக் கூடாது.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களுக்குத் தோல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, பெண் மருத்துவர் இருக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு போகலாம். இதுவரை முகத்தில் பூசிய ட்யூப், டப்பா, குப்பி எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரியாமல் "ஒரு வெள்ளை கிரீம்" என்று சொன்னால் அது ஸ்டீராய்டா இல்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது.